அசிமினாவின் பொய்த்தரை

அசிமினா உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன் என்று எங்கள் துறைமுகத்தில் யாராவது சொன்னால், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஐம்பது வயது தாண்டியும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் நிற்பாள். ஒரு கையில் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடியே இன்னொரு கையால் ஃபிரிட்ஜ் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பாள். பக்கத்து நகரமான கவாலாவுக்குப் பஸ் பத்து மணிக்கு என்றால் எட்டரைக்கே நிறுத்தத்தில் போய் நின்று, எதிரே வருகிறவனையெல்லாம் பிடித்து, "பஸ் போயிருச்சா, பஸ் போயிருச்சா" என்று அரிப்பாள். தேய்ந்த பேட்டரியை மாற்றுவது உலக வழக்கம். அவள் தேயாத பேட்டரியை மாற்றுகிறவள். அப்படி அவள் கழற்றிப் போட்ட பேட்டரிகளை வைத்துத்தான் எங்கள் தெருப் பிள்ளைகளின் பொம்மைக் கார்கள் ஓடின.

மீன் துறைக்குப் பின்னால், பெரியப்பா மகன் வைத்திருந்த கடையில் அவளுக்கு வேலை. படகுகளின் வயர்லெஸ், மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி, திசை காட்டும் கருவி, எது பழுதானாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். சட்டைப் பையில் எந்நேரமும் மின்சாரம் அளக்கிற ஒரு மஞ்சள் மீட்டர் இருக்கும். கண்ணில் படுகிற எதையும் அளந்து பார்க்காவிட்டால் அவளுக்குக் கை நமநமக்கும். ஒருமுறை ஞானஸ்நான விருந்துக்குப் போன இடத்தில் காபி மெஷினைத் திருப்பிப் போட்டு அளந்துகொண்டிருந்தாள். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை.

மீனவர்கள் அவளைச் சீண்டாமல் இருப்பார்களா?

"அசிமினாவுக்கு ஏன் கல்யாணம் ஆகல தெரியுமா? மாப்பிள்ளைக்கு வோல்ட்டேஜ் பத்தலையாம்."

"வோல்ட்டேஜ் எல்லாம் இருந்துச்சு," என்பாள் அவள், தலையைக்கூடத் தூக்காமல். "கிரவுண்டுதான் இல்ல. ஒரு பயலுக்கும் காலு தரையில நிக்கல."

கிரவுண்டு என்ற வார்த்தைதான் அவளுக்கு வேதம். மின்சாரத்தை எங்கிருந்து அளக்க ஆரம்பிக்கிறோமோ அந்தப் பூஜ்யம், அந்தத் தரை. புதிதாக வாங்கிய கருவியின் கறுப்பு ஒயரைக் கையில் கிடைத்த இன்னொரு கறுப்பு ஒயரோடு முறுக்கிவிட்டு, புகை வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள் இந்தப் படகுக்காரர்கள். வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். "வெளுத்ததெல்லாம் பாலாகுமா? கறுத்ததெல்லாம் தரையாகுமா? இவனுக்கு ஒரு பேட்டரி, அவனுக்கு ஒரு பேட்டரின்னா, இவனோட பூஜ்யம் வேற, அவனோட பூஜ்யம் வேற. ரெண்டையும் சேத்துக் கட்டுறதுக்கு முன்னால, எவன் பூஜ்யம் எங்க இருக்குன்னு கேளுங்கடா." இதைச் சொல்லிச் சொல்லியே அவள் தொண்டை கட்டிப்போன நாட்கள் உண்டு.

தொண்டை என்றதும் அவள் அண்ணன் லம்ப்ரோஸைத்தான் சொல்ல வேண்டும். அப்பா விட்டுப்போன வீட்டில் மாடியில் அவள், கீழே அவன். கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தான். முடி வெட்ட வருகிறவர்களைவிடக் கதை கேட்க வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில், பலிபீடத்துக்கு வலப்பக்கம் இருக்கிற பாடகர் பீடம் அவனுடையது. மீசை கறுப்பாக இருந்தபோது அந்தப் பீடத்தில் ஏறியவன், மீசை வெளுத்து, அதை எடுத்தும் விட்டான், பீடத்திலிருந்து இறங்கவில்லை. அப்புறம் போன இலையுதிர் காலத்தில் தொண்டையில் கட்டி என்றார்கள். தெசலோனிக்கி பெரியாஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது. குரல் போனது. போனது என்றால் அடியோடு போகவில்லை. கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சத்தம் மிஞ்சியது. சலூனில் ரேடியோவை வைத்தான். கதை கேட்க வந்தவர்கள் முடியை வெட்டிக்கொண்டு சீக்கிரமே எழுந்து போனார்கள்.

"பீடமும் போச்சுன்னா," என்று ஒருநாள் அவன் தங்கையின் காதருகே குனிந்து சொன்னான், "பால்கனியில உக்காந்து கப்பல் எண்ண வேண்டியதுதான், ஏட்டி."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அசிமினாவுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தப் பால்கனியில்தான் உட்கார்ந்தார், அதே பிரம்பு நாற்காலியில். அடுத்த குளிர்காலத்தை அவர் பார்க்கவில்லை.

தவக்காலம் பாதி போயிருக்கும், கோவில் கமிட்டித் தலைவர் பொலிக்ரோனிஸ் வீடு தேடி வந்தார். சுங்க இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் யாரைப் பார்த்தாலும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிற முகம். கெட்டவர் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மனசுல வச்சுக்கிடாதீங்க, லம்ப்ரோஸ். பெரிய வெள்ளிப் பவனியில நீங்க பாடுறது கடைசியில வாரவனுக்கும் கேக்கணும். கேட்டுதுன்னா பீடம் உங்களுது, நான் வாயே திறக்க மாட்டேன். கேக்கலைன்னா மறுநாள் ராத்திரி உயிர்ப்புப் பூசையிலேர்ந்து அந்தக் கவாலாப் பையன் யோர்தானிஸ் ஏறுவான். தீமியோஸ் சாமிகிட்டயும் பேசியாச்சு."

லம்ப்ரோஸ் தலையை ஆட்டினான். அவன் தங்கைக்குப் பொறுக்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியோடு திரும்பினாள்.

"போன வருஷம் உங்க ஒயர்லெஸ் மைக்குல கடைசியில வாரவனுக்கு என்ன கேட்டுது, அண்ணாச்சி?"

"அது பழைய கதை."

"ஆண்டவரைக் கல்லறையில வைக்கிற நேரத்துல, 'கணவாய் மீனெல்லாம் எங்கடா போச்சு, நாசமாப் போறவனே'ன்னு கேட்டுது. நல்லா, கணீர்னு கேட்டுது. பெரியம்மா ஒருத்தி சிலுவை போட்டுக்கிட்டா."

பொலிக்ரோனிஸின் காது சிவந்தது. எந்தப் படகுக்காரனின் வயர்லெஸ் அன்றைக்குக் கோவில் மைக்கில் புகுந்தது என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதான் இந்தத் தடவை ஒயரு," என்றார். "போன்லயும் பதிவு பண்ணி வச்சிருக்கேன். யோர்தானிஸ் பாடினது. ஏதாவது மக்கர் பண்ணுச்சுன்னா அதைப் போட்டுவிட்டுருவேன். ஆண்டவரை ஊமையா அடக்கம் பண்ண முடியாதுல்லா?"

அவர் தெருமுனை திரும்புவதற்குள் அசிமினா மாடியேறி மேஜை விளக்கைப் போட்டுவிட்டாள்.

சாதாரண மைக் உதவாது. லம்ப்ரோஸின் வாய்க்கு முன்னால் எதை வைத்தாலும் வெறும் மூச்சுதான் புஸ்ஸென்று வரும். அதனால் கழுத்திலேயே ஒட்டுகிற மாதிரி பொத்தான் அளவு மைக் ஒன்றைப் பிடித்தாள். அது தருகிற சத்தம் அற்பம். எறும்பு நடக்கிற அளவு. அதைப் பெரிதாக்கத்தான் ஆப்-ஆம்ப். எட்டுக் கால் வைத்த கறுப்புச் சில்லு, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. சத்தம் என்பது மேலேயும் கீழேயும் ஆடுகிற சமாச்சாரம். ஆடுவதற்கு நடுவில் ஒரு தரை வேண்டும். இரண்டு பேட்டரியை அடுக்கி வைத்தால் இரண்டும் சேருகிற இடம் தானாகவே தரையாகிவிடும். லம்ப்ரோஸின் இடுப்பில் அங்கிக்குள் மறைத்து வைக்கிற பெட்டியில் ஒரே ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரிக்குத்தான் இடம். ஒரு பேட்டரிக்கு மேல்முனை உண்டு, கீழ்முனை உண்டு. நடு கிடையாது.

நடு இல்லாவிட்டால் நடுவைச் செய்துகொள்ள வேண்டியதுதான். ஒரே அளவுள்ள இரண்டு ரெசிஸ்டரை மேலிருந்து கீழே வரிசையாகப் போட்டால், அவை சேருகிற இடத்தில் நாலரை வோல்ட் நிற்கும். நிற்கும், ஆனால் சவலைப் பிள்ளை மாதிரி. யாராவது லேசாகச் சாய்ந்தால் அதுவும் கூடவே சாய்ந்துவிடும். அதனால் சில்லுக்குள் இருக்கிற இரண்டு ஆப்-ஆம்ப்பில் ஒன்றை அதற்குக் காவல் போட்டாள். நடு கொஞ்சம் கீழே போனால் அது மேலே தள்ளும், மேலே போனால் கீழே இழுக்கும். நாள் முழுக்க அதற்கு அதே வேலை. படித்தவர்கள் இதை வெர்ச்சுவல் கிரவுண்டு என்பார்கள். அசிமினா பொய்த்தரை என்றாள். பொய்யோ மெய்யோ, நிற்கிறவனுக்குத் தரை ஆடாமல் இருந்தால் போதும். வெளியே ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரின் மேலுறையையும் அந்தப் பொய்த்தரையிலேயே கட்டினாள். பெட்டிக்குத் தனி பேட்டரி இருக்கிறவரை அதில் ஒரு வில்லங்கமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சமையலறையில் சோதித்தார்கள். கோவில் தள்ளுவண்டியையே கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதில் கார் பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், கூம்பு ஸ்பீக்கர் எல்லாம் இருந்தன. லம்ப்ரோஸ் கழுத்தில் மைக்கைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தான். கூம்பிலிருந்து ஒரு குரல் வந்தது. காய்ந்த கயிற்றைக் கப்பியில் இழுக்கிற மாதிரி ஒரு குரல். பூனை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியது.

"யாருட்டி இந்தக் கிழவன்?" என்றான் லம்ப்ரோஸ். அதையும் கூம்பு வீடு அதிரச் சொன்னது.

அசிமினா சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"பழைய குரல் வராதுண்ணே. அதை நான் எங்க போயி வாங்குவேன்?"

"பழசை யாரு கேட்டா? கேக்குதுல்லா? போதும். இனிமே இதுல கை வைக்காத." மைக்கை அவிழ்த்து அவள் கையில் கொடுத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். "உன்னைத்தான் சொல்லுதேன். கை வைக்காத."

பெரிய வெள்ளி வந்தது. காலையிலிருந்து துக்க மணி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு மணிச் சத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கிற இடைவெளி எப்பேர்ப்பட்ட மனுஷனையும் படுத்தும். அசிமினாவைக் கேட்கவா வேண்டும்? கோவிலில் பெண்கள், ஆண்டவரின் பாடையாகச் சுமக்கிற ஆசந்தியைப் பூவால் மூடிக்கொண்டிருந்தார்கள். இவளையும் கூப்பிட்டார்கள். போய் நாலு பூவைச் செருகினாள், அதற்குள் வீட்டு ஞாபகம் வந்து ஓடி வந்துவிட்டாள். மத்தியானம் எண்ணெய் விடாத பருப்பு சூப்பில் வினிகரை ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தாள், தனக்கும் ஊற்றிக்கொண்டாள், ஒரு வாய் அள்ளினாள், கரண்டியைக் கீழே போட்டாள்.

'பேட்டரி பாதியில் தீர்ந்துவிட்டால்?'

தீராது. அந்தச் சில்லு குடிக்கிற மின்சாரத்துக்கு அந்தப் பேட்டரி வாரக்கணக்கில் வரும். அது அவளுக்குத் தெரியும், யாரையும்விட நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன? மனசு கேட்கிறதா? புதுப் பேட்டரியே பழுதாக வருவதில்லையா? ஒரு படகுக்கு அப்படி வந்ததே! பொலிக்ரோனிஸ் போனைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஒரு முனகல் கேட்டால் போதும், யோர்தானிஸின் வெண்கலக் குரலைப் போட்டுவிடுவார். அதோடு லம்ப்ரோஸுக்குப் பிரம்பு நாற்காலிதான். அண்ணன் சாப்பிட்டுக் கண்ணசந்த நேரத்தில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள்.

பெட்டியிலிருந்து தள்ளுவண்டிக்குப் போகிற ஒயருக்குள் இரண்டு இழை சும்மா கிடந்தது. தள்ளுவண்டியின் கார் பேட்டரியிலிருந்தே பெட்டிக்கும் மின்சாரத்தைக் கொண்டுவந்துவிட்டால்? கார் பேட்டரி ஊரையே கட்டி இழுக்குமே. இந்த யோசனை வந்த பிறகு அவளை யார் பிடிக்க முடியும்? ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். ஒன்பது வோல்ட் பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அதன் கவ்வியை வெட்டி எறிய மனம் வராமல் பெட்டிக்குள்ளேயே மடித்துத் திணித்தாள். கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கருவியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் கொடுத்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். நடு அச்சாக ஆறில் நின்றது. ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. தள்ளுவண்டியோடு சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அதைக் கமிட்டிக்காரர்கள் காலையிலேயே கோவிலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். அன்று முழுவதிலும் அவள் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்ன வாய் அது. எவன் பூஜ்யம் எங்கே என்று கேளுங்கடா என்று படகு படகாகக் கத்தியவள், அன்று தன்னிடம் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தி சாய்ந்து பவனி கிளம்பியது. பூ மூடிய ஆசந்தியை நாலு பேர் தோளில் தூக்கினார்கள். முன் வலத்தோள் பெட்டிக்கடை ஃபோதிஸுடையது. பின்னால் சாமி, அவருக்குப் பின்னால் லம்ப்ரோஸ், அவனோடு ஒயரால் கட்டப்பட்ட தள்ளுவண்டி, வண்டியைத் தள்ளுகிற சாக்கில் அசிமினா. அதற்கும் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியோடு ஊர். கோவில் வாசலைத் தாண்டியதும் அவள் புது இழை இரண்டையும் கார் பேட்டரியில் மாட்டி, ஒயரைச் செருகினாள். லம்ப்ரோஸ் தலையை நிமிர்த்தி, 'உயிரே, நீ கல்லறையில்' என்று ஆரம்பிக்கிற புலம்பலை எடுத்தான்.

'உயிரே' என்பது மட்டும் வந்தது. அப்புறம் கரகரவென்று ஒரு சத்தம், தகரத்தைத் தெருவில் இழுக்கிற மாதிரி. அப்புறம் ஒன்றுமில்லை.

லம்ப்ரோஸ் நிற்கவில்லை. வாய் அசைகிறது, மார்பு ஏறி இறங்குகிறது, அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே நடக்கிறான். இரண்டடி முன்னால் போகிற சாமிக்கே கேட்டிருக்காது. பின்னால் ஊர் ஒரு முணுமுணுப்போடு அடங்கியது. கூட்டத்தை இடித்துக்கொண்டு பொலிக்ரோனிஸ் வந்தார், ஒரு கையில் மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் போன்.

"நான் சொன்னேன்லா, நான் சொன்னேன்லா. அந்த ஒயரை எடும்மா. இதைப் போடுறேன்."

"ஒரு நிமிஷம் பொறுங்க."

"ஆண்டவருக்கு ஒரு நிமிஷமா? எடும்மா, ஜனங்க பாக்காங்க."

அவர் பிடுங்கிவிடாதபடி, ஆம்ப்ளிஃபயரில் ஒயர் செருகியிருந்த இடத்தை அவள் இடது உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். மேலே ஒரு எட்டு வைத்து, அண்ணனின் அங்கிக்குள் கையை விட்டு, நடக்கிற நடையிலேயே இடுப்புப் பெட்டியை உருவினாள். மூடியைத் திறந்து சில்லைத் தொட்டாள். சுரீரென்று விரல் வெந்தது.

அந்தச் சூட்டில் எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் இப்போது ஒரே பேட்டரியில் ஓடுகின்றன. ஆம்ப்ளிஃபயருக்குத் தரை அந்தப் பேட்டரியின் கீழ்முனை. பெட்டிக்குத் தரை நட்டநடு. இவள் ஒயர் உறையால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். நடுவைக் காக்கிற அந்த ஆப்-ஆம்ப் பாவம், தரையைப் பிடித்துக் கீழே இழுக்கிற ஒரு கார் பேட்டரியோடு மல்லுக்கட்டி, மேலே தள்ளித் தள்ளி, வெந்துகொண்டிருக்கிறது.

"அட மூதேவி," என்றாள். பொலிக்ரோனிஸ் தன்னைத்தான் சொல்கிறாள் என்று ஒரு அடி பின்வாங்கினார். அவள் தன்னைத்தான் சொன்னாள்.

புது இழை இரண்டையும் பல்லால் கடித்து அறுத்தாள். இனி வேண்டியது ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. கழற்றியது வீட்டு மேஜையில் கிடக்கிறது. ஃபோதிஸின் பெட்டிக்கடையில் டஜன் கணக்கில் தொங்கும். அந்த மகராசனோ கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஆண்டவரைத் தோளில் சுமந்துகொண்டிருக்கிறான். அவள் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. பதறினால் அந்தக் கை போகிற இடம் அது ஒன்றுதான். மஞ்சள் மீட்டர் இருந்தது. அதன் முதுகுக்குள்ளே ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியும் இருந்தது.

"மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் பிடிங்க, அண்ணாச்சி. இப்படிக் கிட்ட."

"நானா?"

"நீங்கதான். போனைப் பையில போடுங்க."

என்ன நினைத்தாரோ, பிடித்தார். மெழுகு சொட்டி அவள் மணிக்கட்டில் விழுந்தது. மீட்டரின் முதுகுத் திருகைக் காசால் திறந்து பேட்டரியை உருவிக் கவ்விக்குக் கிட்டே கொண்டுபோனாள். வெந்த சில்லு உயிரோடு இருக்கிறதா? இந்தப் பேட்டரியில் சாரம் இருக்கிறதா? கடைசியாக எப்போது மாற்றினாள்? ஊர்ப் பேட்டரியையெல்லாம் மாற்றுகிறவளுக்குத் தன் மீட்டர் பேட்டரி நினைவில்லை. அளந்து பார்க்கலாம் என்றால் அளக்கிற கருவியே கண்ணை மூடிவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் ஒன்றை அளக்காமல் கவ்வியில் அழுத்தினாள். பயமாக இருந்தது.

குரல் வந்தது.

பாட்டின் நடுவிலிருந்து வந்தது. அவன்தான் நிறுத்தவே இல்லையே. காய்ந்த கயிறு மாதிரி, கரடுமுரடாக, கடற்கரைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. முணுமுணுப்பு நின்றது. கடைசி வரிசையில் யாரோ ஒருத்தி, "யாருளா பாடுறது?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "லம்ப்ரோஸ்லா, வேற யாரு," என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாக அவனோடு சேர்ந்தார்கள்.

பெட்டியைத் திரும்ப அண்ணன் இடுப்பில் செருகிவிட்டு, அப்புறமாவது அசிமினா நிம்மதியாக நடந்தாளா? எங்கே! மீன் துறை வரும்வரை, படகுகள் வழக்கம்போலச் சங்கு ஊதி அடங்கும்வரை, திரும்பி மேட்டில் ஏறும்வரை பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை பைக்குள் போகும், செத்த மீட்டரைத் தொடும், வெளியே வரும். மறுபடி போகும். பொலிக்ரோனிஸ் அணைந்த மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நடந்தார், நடுவில் ஒருமுறை கடைசி வரிசைவரை போய்த் திரும்பினார்.

கோவில் வாசலில் ஆசந்தியை உயரத் தூக்கிப் பிடித்தார்கள். ஊர் முழுவதும் அதன் அடியில் குனிந்து உள்ளே நுழைய வேண்டும். குனிகிற நேரத்தில் பொலிக்ரோனிஸ் லம்ப்ரோஸின் முழங்கையைத் தொட்டார்.

"கடைசி வரைக்கும் போயி நின்னு பாத்தேன். கேட்டுது." தொண்டையைச் செருமினார். "நாளைக்கு உயிர்ப்புப் பூசைக்குச் சீக்கிரமே வந்துருங்க, பாடகரே. யோர்தானிஸை வரவேண்டாம்னு சொல்லிருதேன்." இரண்டடி போய்விட்டு அசிமினாவைத் திரும்பிப் பார்த்தார். "பேட்டரி மட்டும் ரெண்டு எடுத்துட்டு வாம்மா."

வீட்டுக்கு வந்து ஆறிப்போன பருப்பை அவள் மறுபடி சுட வைத்தாள். இரண்டு தட்டிலும் ஊற்றினாள். வினிகர் எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"அண்ணே. நடுவுல பெட்டி செத்துப் போச்சு. உனக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்குத் தொண்டைதானட்டி போச்சு," என்றான் அவன், அந்த மூச்சுக் குரலில். "காது நல்லாத்தான இருக்கு."

"தெரிஞ்சும் எதுக்குப் பாடிக்கிட்டே போன? பக்கத்துல நின்னவருக்கே கேக்கல. கேலி பண்ணியிருப்பாங்க."

அவன் ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் போட்டான். பேசுவது அவனுக்குச் சிரமம். நீளமாகப் பேசினால் இருமல் வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

"நான் நின்னா நீ என்ன செய்வ? 'என்னண்ணே ஆச்சு, என்னண்ணே ஆச்சு'ன்னு என்கிட்ட ஓடி வந்துருப்ப. கழுத்தைத் தடவுவ. தண்ணியைக் குடுப்ப. பெட்டியை யாரு பாப்பா?" இருமினான். மூச்சு வாங்கிக்கொண்டான். "நான் பாட்டுக்குப் போனாத்தான் நீ உன் பாட்டுக்கு வேலையைப் பாப்ப. அதான் நிக்கல."

அசிமினாவுக்கு அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. மறைக்கத் தெரியவும் இல்லை. வினிகர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

"நான்தாண்ணே கெடுத்தேன். நீ கை வைக்காதன்னு சொன்ன. நீ தூங்கின நேரத்துல கை வச்சேன்."

"தெரியும். மேல பத்தவைக்கிற வாடை கீழ வரைக்கும் வந்துச்சு."

"அப்பவே ஏன் தடுக்கல?"

"தடுத்தா? நீ பவனி முழுக்கப் பேட்டரி தீந்துருமோ, பேட்டரி தீந்துருமோன்னு செத்துருப்ப." தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "உக்காரு. ஆறுது."

உட்கார்ந்தாள். அவன் இடுப்பிலிருந்து பெட்டியைக் கழற்றி, பேட்டரியை உருவி, அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "இந்தா. உன் மீட்டருக்குப் போட்டுக்கோ. இல்லாட்டி நீ தூங்க மாட்ட."

அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திரும்பப் பெட்டியின் கவ்வியிலேயே அழுத்தினாள்.

"இருக்கட்டும். நாளைக்கும் இதுவே பாடட்டும்."

"அளந்து பாக்கலியா?"

"இல்ல."

வினிகரை ஊற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். மூலையில் ஃபிரிட்ஜ் ஒரு தடவை உறுமிவிட்டு நின்றது. லம்ப்ரோஸ் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான்.

"ஏட்டி, ஃபிரிட்ஜ் நின்னுருச்சு."

"நிக்கட்டும்," என்றாள் அசிமினா. "நீ சாப்பிடு."